வினையும் வலி தணித்தலும்

உடம்பெடுத்த உயிர்கட்கு இன்பமுந் துன்பமும் மாறி மாறி வருதல் இயல்பு. அவற்றுள் இளமைக்கண் வருந் துன்பம் பெரும்பாலும் வந்து நீங்குவது. முதுமைக்கண் வருந் துன்பமோ வந்து தங்குவது. முழங்காலிலும் முதுகிலும் புகுந்த வலி விருந்தினரைப்போல் இருநாளிருந்து செல்லாது, வீட்டுக்குரியாரைப்போல் உடனுறைகின்றது. இங்ஙனம் நீங்காதுறையும் வலியைப் பிறர் தணிக்க முயலுதல் அறமாமோ, அன்றி அவ்வுயிர் நுகர்ந்து கழிக்கவேண்டிய வினைக்கு இடையூறாமோ என்னும் ஐயம் சைவ நன்மக்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. முதியோர் இல்லங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வையம் வெறும் வாதத்துக்குரியதாக நில்லாமல், ஒவ்வோரிரவும் ஒரு கட்டிலின் அருகே விடை வேண்டி நிற்கின்றது. ஆகலின் அதனைச் சித்தாந்த நெறி கொண்டு ஆராய்தல் இன்றியமையாததாகும்.

வேலூர் நகருக்குத் தெற்கே ஆரணி செல்லும் வழியில், குன்றுகளின் அடியில் அமைந்தது பாகாயம் என்னும் ஊர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவச்சாலை பெரியதொரு மருத்துவமனையாக வளர்ந்தது. அவரே 1918-இல் மகளிர்க்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பின்னர்க் கல்லூரியாகிப் பாகாயத்தில் நிலைபெற்றிருக்கின்றது. உடல் முடங்கியோர்க்குரிய மறுவாழ்வு நிலையமும் மனநல மருத்துவ நிலையமும் அவ்வூரிலேயே உள்ளன. இவற்றை நிறுவினோர் வேறு சமயத்தினரேனும், துன்பமுற்ற உயிருக்கு இரங்குதல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகலின், அங்கே கண்டறியப்பட்ட உண்மைகள் சைவர்க்கும் பயன்படுவனவேயாம்.

பாகாயத்தைச் சூழ்ந்த நாடு உழைப்பாளிகளின் நாடு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலாற் பேர்பெற்றன. பீடி சுற்றுந் தொழிலும் இப்பகுதியிற் பலர்க்குப் பிழைப்பாயிற்று. முப்பதாண்டு சுண்ணாம்புத் தொட்டியருகே ஈரத்தரையில் நின்று நனைந்த தோல்களை இழுத்தும் சுமந்தும் உழைத்த ஒருவரை எண்ணிப் பார்க்க. எழுபது வயதில் அவர் முழங்கால்கள் மடங்கா, முதுகு நிமிராது. நீரிழிவு நோயும் உடன்சேர்ந்தால், நெருப்பின்மேல் வைத்தாற்போல உள்ளங்கால் இரவெல்லாம் எரியும். மக்கள் பிழைப்பின்பொருட்டு அயலூர் சென்றுவிட, அவர் ஒரு முதியோர் இல்லத்திற் சேர்க்கப்படுகின்றார். உணவுண்டு, உடையுண்டு, படுக்கையுமுண்டு. நடுயாமத்தில் அவர் முனகும்பொழுது, "எல்லாம் வினைப்பயன் பெரியவரே, சிவனை நினைந்து பொறுத்துக்கொள்ளும்" என்று சொல்லிப் பணியாளர் விளக்கையணைத்துச் செல்கின்றார். அச்சொல் பார்வைக்குச் சைவச் சொல்லே. அது மெய்யாகவே சைவந்தானா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண், வலி என்பது யாது, அஃது எதன்பொருட்டு உடம்பின்கண் அமைந்தது என்பது அறியத்தக்கது. இதற்கு விடை வேலூரைச் சார்ந்த நிலத்திலேயே கிடைத்தது. கொல்லிமலையில் 1914-இற் பிறந்து, 1946-இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு என்பார் தொழுநோயாளரின் கைகால்களைச் செம்மை செய்வதில் ஈடுபட்டார். தொழுநோயினால் விரல்கள் தாமே அழுகி விழும் என்று அந்நாளிற் பலரும் நம்பினர். அவர் ஆராய்ந்து கண்டது வேறு. நோய் நரம்பினைக் கெடுத்தலால் வலியுணர்ச்சி போய்விடுகின்றது. வலி தெரியாமையால் நோயாளர் கொதிக்குங் கலத்தைத் தொடுகின்றனர், முள் தைத்த காலோடு நடக்கின்றனர், புண்ணுக்கு ஓய்வு கொடாது உழைக்கின்றனர். அதனாலேயே விரலும் பாதமும் அழிகின்றன என்பது அவர் கண்ட உண்மை. வலி இல்லாமை பேறன்று, பெருங்கேடு என்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று.

உயிர்க்கு உடம்பை மாயையினின்றும் அமைத்துக் கொடுத்த இறைவன், அவ்வுடம்பைக் காத்தற்கு ஒரு காவலனையும் உடன்வைத்தான் என்று இதனாற் கொள்ளலாம். அக்காவலனே வலி. ஆயின் ஈண்டொரு வேறுபாடு கருதற்பாலது. கள்வன் புகுந்தவழிப் பறையடித்து ஊரை எழுப்புதல் காவலன் கடன். கள்வன் போய் ஓராண்டு கழிந்த பின்னும் ஒவ்வோரிரவும் பறை ஓயாது முழங்குமாயின், அது காவலாகாது. ஊரார் உறக்கத்தைக் கெடுக்கும் மற்றொரு கேடாகும். புதிதாக வரும் வலி முன்னையது. மூன்று திங்கட்கு மேலும் நீடிக்கும் நாட்பட்ட வலி பெரும்பாலும் பின்னையது. தேய்ந்த மூட்டினைப் பற்றி அறிவிக்கவேண்டியதை அஃது என்றோ அறிவித்துவிட்டது. இனி அது செய்வது உறக்கத்தையும் உணவையும் நடையையும் உரையாடலையும் ஒவ்வொன்றாகப் பறித்தலேயாம். ஆகவே புதிய வலியின் காரணத்தை ஆராயாது அடக்குதல் அறியாமை. நாட்பட்ட வலியைத் தணியாது விடுதல் புறக்கணிப்பு.

இனி வினைபற்றிய தடையை நோக்குவோர், "முன்செய்த வினையுள் இப்பிறவிக்கு நுகர்வாய் வந்தது பிராரத்தம், அது நுகர்ந்தே தீர்தற்பாலது, வலியும் அந்நுகர்ச்சியேயாகலின் அதனைத் தணித்தல் வினைக்கழிவைத் தடுத்தலாம்" என்பர். அற்றன்று. அதற்குக் காரணங்கள் பல.

வினை கழிதல் துன்ப நுகர்ச்சி ஒன்றினாலேயே நிகழ்வதன்று. மருத்துவன் சில நோயை அறுத்துங் கீறியும் தீர்க்கின்றான். சில நோயை இனியனவற்றை ஊட்டித் தீர்க்கின்றான். அதுபோல இறைவனும் இன்பம் துன்பம் என்னும் இரண்டனையும் ஊட்டியே வினையை அறுக்கின்றான் என்று சிவஞான சித்தியார் விளக்குகின்றது. அங்ஙனமாயின் முதியவர் காலின் எரிவு பிராரத்தமாதல்போல, அவ்வெரிவு தணிந்து அவர் கண்ணுறங்கும் நான்கு நாழிகையும் பிராரத்தமேயாம். வலியை மட்டும் வினைக்கணக்கில் எழுதி, மருந்தை அக்கணக்குக்குப் புறம்பாக்குதல் பொருந்தாது. வினையின் ஆட்சியை உண்மையாகவே நம்புவார், தமது கையிற் கொடுக்கப்பட்ட மருந்தும் அவ்வாட்சியுள் வந்ததே என்றன்றோ கொள்ளல்வேண்டும்?

மேலும், வினை சடப்பொருள். தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது. எவ்வுயிர்க்கு எவ்வளவு, எப்பொழுது என்பதறிந்து கூட்டுவிப்பவன் முற்றறிவுடைய சிவனே. உயிர்களின் அறிவோ சிற்றறிவு. மற்றோருயிர் நுகரவேண்டிய துன்பத்தின் அளவை அறிந்தாற்போல, "இவர்க்கு இவ்வளவும் உரியதே, விடுக" என்று கூறுபவர் சிவனுக்குரிய இருக்கையில் ஏறியமர்ந்தவராவர். ஆணவ மலத்தின் செயல் இதனினும் வேறு யாது?

அன்றியும், படுக்கையிற் கிடப்பவர்க்கு வலி பிராரத்தமாகலாம். பார்த்துக்கொண்டு வாளா இருப்பவர்க்கு அவ்வாளாமை புதிதாக ஈட்டப்படும் ஆகாமியமாம். பசியும் வினைவழி வருவதே. அதனால் அன்னம் பாலித்தல் குற்றமாயிற்றா? நீர்வேட்கையும் வினைவழி வருவதே; அதனால் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தது வினைக்கு இடையூறு என்று எவரும் சொல்லிற்றிலர். பசிக்கும் வேட்கைக்கும் செல்லாத வாதத்தை மூட்டுவலிக்கு மட்டும் செலுத்துதல், சோம்பலுக்குச் சமயப் போர்வை போர்த்துவதேயாகும்.

திருஞானசம்பந்தர் வரலாற்றில் இதற்குத் தக்கதொரு நிகழ்ச்சி உண்டு. திருச்செங்கோட்டில், கொடிமாடச்செங்குன்றூர் என்று தேவாரத்திற் பெயர்பெற்ற அப்பதியில், பனிக்காலத்தே குளிர்சுரம் பரவி உடன்வந்த அடியார்களைப் பற்றிற்று. அந்நிலத்துக்கு அஃது இயல்பென்றனர் சிலர். முன்வினைக்கு ஏற்ப இது வந்தது என்று சொல்லி அமைந்திருத்தல் சம்பந்தர்க்கு அரிதன்று. அவரோ, வினைக்கணக்கைச் சொல்லியறிந்தும் அதனினின்று உய்யும் வழி நாடாதிருத்தல் அடியார்க்கு இழுக்காமென்று கருதி, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடினார். அடியார்களை மட்டுமின்றி அந்நாட்டையும் சுரம் விட்டகன்றது என்று பெரியபுராணம் கூறும். வினைக்கொள்கையை முற்றவுணர்ந்த ஆசாரியர் அதனை நோயாளரை வாயடைக்கும் விடையாகக் கொள்ளவில்லை. நோயைத் தீர்த்தற்கு எழுந்தார் என்பது கருத்திற் கொள்ளற்பாலது.

இன்னும் நுட்பமானது சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு. சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்தமையால் அவர் இரு கண்ணும் இழந்தார். அத்துன்பம் எவ்வினையின் பயன் என்பதில் ஐயமேயில்லை. பிழையும் வெளிப்படை, தண்டமும் வெளிப்படை. எனினும் திருவெண்பாக்கத்தை அடைந்து அவர் முறையிட்டபொழுது இறைவன் செய்ததென்ன? கண்ணைத் திருப்பிக் கொடுத்திலன். வாளா விடுத்தலுஞ் செய்திலன். ஓர் ஊன்றுகோல் கொடுத்தருளினான். ஒரு கண் காஞ்சியிலும் மற்றொரு கண் திருவாரூரிலும் பின்னரே கிடைத்தன. தண்டம் நீங்காத காலத்தும், நடந்துசெல்லுதற்கு வேண்டுந் துணையை மறுக்கலாகாது என்பதே இதனாற் பெறப்படும் பொருள். தேய்ந்த மூட்டினை மருத்துவர் புதுப்பிக்கமாட்டாராயினும், வலி தணிக்கும் மருந்தும் ஒத்தடமும் பதமான பயிற்சியும் ஊன்றுகோலின் வகையே. நோய் தீராது என்பது உண்மையாகலாம். ஆகையால் ஒன்றுஞ் செய்வதற்கில்லை என்பது ஒருபொழுதும் உண்மையாகாது.

இனி வேறு சிலர், "திருநாவுக்கரசரைச் சிவநெறிக்கு மீட்டது சூலை நோயன்றோ? வலியே உயிரை இறைவன்பால் திருப்புவதாயின், அதனைத் தணித்தல் அருளைத் தடுத்தலாகாதோ?" என்பர். அவ்வரலாற்றை முழுதும் நோக்குவார்க்கு இத்தடை நில்லாது. சூலை வந்தபொழுது அவர் அதனை வாய்திறவாது பொறுத்துக் கிடந்திலர், தமக்கையாரிடம் ஆளனுப்பினார், இரவோடிரவாகத் திருவதிகைக்குச் சென்றார். திலகவதியாரும் வலியின் பயனைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினாரில்லை. தம்பியார்க்குத் திருநீறு கொடுத்துத் திருவீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே நாவரசர் முதன்முதற் பாடியது தம் வலியை இறைவன்முன் எடுத்துச்சொல்லி முறையிடும் பதிகமே. இறைவனும் சூலையைத் தீர்த்தருளினான். ஆளாக்கிக்கொண்ட பின் வலியை நீட்டித்திலன். வலியைச் சொல்லுதல் பத்திக்குக் குறைவன்று என்பதும், அதனைக் கேட்போர் கடன் துணைசெய்தலே என்பதும் இதனால் விளங்கும். "வயதானால் இப்படித்தான்" என்று தம் வலியை மறைக்கும் முதியோர்க்கும் இவ்வரலாறு சொல்லப்படவேண்டும்.

பொறுமை நற்குணமாதல் மறுக்கப்படுவதன்று. ஆயின் பொறுத்தல் வலியுற்றவர் தாமே மேற்கொள்ளும்பொழுது தவமாகும். வலியில்லாதவர் அதனைப் பிறர்மேல் ஏவும்பொழுது கொடுமையாகும். உபவாசம் ஒருவர் தம் விருப்பாற் கொள்ளின் விரதம். அதுவே பிறரால் உணவு மறுக்கப்படின் பட்டினி. இவ்விரண்டன் வேற்றுமை உணர்ந்தார்க்கு அவ்விரண்டன் வேற்றுமையும் எளிதில் விளங்கும்.

மருந்துபற்றிய அச்சமும் ஆராயத்தக்கது. வலி மருந்து அறிவை மயக்கும், இறுதிக்காலத்தே ஐந்தெழுத்தை நினைக்கவொட்டாது என்று அஞ்சுவாருளர். கடும் வலியைப்போல் அறிவை மயக்குவது பிறிதில்லை என்பதை அவர் எண்ணுவதில்லை. பல்வலி கொண்டார்க்கே செபம் நிலைப்பதில்லையாயின், இடுப்பெலும்பு முறிந்து கிடப்பார்க்கு எங்ஙனம் நிலைக்கும்? எனினும் ஒருவர், "பூசை வேளையில் மயக்கம் வேண்டா, சிறிது வலியிருப்பினும் தெளிவே வேண்டும்" என்பாராயின், அவர் விருப்பம் மதிக்கப்பட்டு மருந்தின் வேளையும் அளவும் மாற்றப்படவேண்டும். உடம்பும் வலியும் வழிபாடும் அவருடையனவாகலின் தெரிவும் அவர்க்கே உரியது.

மருத்துவமும் இதிற் படிமுறை காட்டுகின்றது. உலக சுகாதார நிறுவனம் 1986-இற் புற்றுநோய் வலிக்கென மூன்று படிகளை வகுத்தது: முதற்படியிற் பாரசிட்டமால் போன்ற எளிய மருந்துகள், இடையில் மென்மையான அபினி வகை, முடிவில் மார்பின் போன்ற வலியன. வலி வந்தபின் கெஞ்சிக் கேட்கும்போது கொடாமல், வேளை தவறாது கொடுத்தலே முறை என்பதும் அதன் கொள்கை. மூட்டுவலி போன்றவற்றுக்கு ஒத்தடம், தசைப்பயிற்சி, ஊன்றுகோல், மேற்பூச்சு ஆகியனவே முற்படுவன. வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகள் சில, முதியோரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்குமாதலின் மருத்துவர் சொல்லின்றிக் கடையில் வாங்கிக் கொடுத்தல் தகாது. நரம்பின் எரிவுக்கு மருந்தே வேறு. மார்பின் கொடுக்குமிடத்து மலச்சிக்கலுக்கு மருந்தும் உடன் கொடுத்தல்வேண்டும்.

மார்பினைப் பற்றி நம் நாட்டில் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. மருந்துக்கென அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும் 1985-இற் செய்யப்பட்ட போதைப்பொருட் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல மார்பினை வைத்திருத்தலையே விட்டன. கள்வரைத் தடுக்க இட்ட வேலி நோயாளரைத் தடுத்தது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம். ஆர். இராசகோபால் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புச் சங்கமும், அதன் வழிவந்த பிறரும் இடைவிடாது முயன்றமையால், 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. மற்றொருபுறம், அமெரிக்க நாட்டிலே இத்தகைய வலிய மருந்துகளை நாட்பட்ட வலிகட்கெல்லாம் வரையின்றிக் கொடுத்தமையால் எண்ணிறந்தோர் அவற்றுக்கு அடிமைப்பட்டு மாண்டதும் அண்மைக்கால வரலாறே. ஆகவே இரக்கத்துக்கு அறிவு துணையாக வேண்டும். அச்சத்தால் மறுத்தலும் ஆராயாது வழங்கலும் ஒரு குற்றத்தின் இரு பக்கங்களாம்.

வலியைச் சொல்ல வல்லார் நிலை இது. மறதி நோயினாற் சொல்லிழந்தார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் வலிக்கின்றது என்று சொல்லமாட்டார். குளிப்பாட்டும்பொழுது கையைத் தட்டிவிடுவார், உணவை மறுப்பார், கூச்சலிடுவார். அதனைப் பிடிவாதமென்றும் பைத்தியமென்றும் பிறர் கொள்வர். மூச்சின் நிலை, முனகல், முகக்குறி, உடலின் இறுக்கம், தேற்றினால் தேறுதல் என்னும் ஐந்தனையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை எண்ணிட்டு, வலியை மதிப்பிடும் முறையொன்று 2003-இல் வகுக்கப்பட்டது. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. உற்றுநோக்கும் கண்ணும் ஒரு தாளும் போதும். புரட்டிப் படுக்கவைப்பதற்கும் நீராட்டுவதற்கும் ஒரு மணி முன்னரே மருந்து கொடுத்துவிடின், தினந்தோறும் நிகழும் போராட்டம் பல இடங்களில் ஓய்ந்துவிடும். இத்தகைய முதியோர் திறத்தில், வலி பக்குவம் தரும் என்னும் வாதமும் செல்லாது. கற்பிக்கப்படுவது இன்னதென்று நினைவிற்கொள்ள மாட்டாதவர்க்கு அவ்வலியால் வரும் பாடம் யாது? அங்கே பாடம் கேட்பவர் ஒருவரே. அவர் கட்டிலின் அருகில் நிற்பவர்.

வலி உடம்பளவில் நிற்பதுமன்று. இலண்டன் மாநகரில் 1967-இல் இறுதிநிலை நோயாளர்க்கென ஓர் இல்லம் நிறுவிய சிசிலி சாண்டர்சு அம்மையார், உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் கூடியதே முழு வலி என்றார். துன்பத்தை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவகைப்படுத்திய நம் முன்னோர்க்கு இக்கருத்துப் புதியதன்று. மகன் வாராத ஞாயிற்றுக்கிழமையில் முழங்கால் மிகுதியாக வலிக்கும் என்பது இல்லங்களிற் பணிசெய்வார் அறிந்ததே. அவ்வலிக்கு மாத்திரை பாதி. பக்கத்தில் அமர்ந்து கேட்டல் மற்றைப் பாதி. பெற்றோரைப் பேணுதல் மக்கள் கடனென்று 2007-இற் சட்டமே எழுந்தது. ஆயினும் சட்டம் பொருளை வாங்கித் தரலாம்; தலையைத் தடவும் கையை வாங்கித் தரமாட்டாது.

இத்தொண்டு செய்வார்க்கு உடல் வலிமையே முதல் என்று கருதுதலும் வேண்டா. வேலூர் மருத்துவர் மேரி வர்கீசு அம்மையார் 1954-இல் நிகழ்ந்த வண்டி விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகட்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர், 1966-இற் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு முதன்மையானவராயினார். தம் துன்பத்தைப் பொறுத்தார்; பிறர் துன்பத்தைப் பொறாராயினார். பொறுமையின் இடம் எது, பொறாமை அறமாகும் இடம் எது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

சைவத்தில் சரியையாவது திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் மட்டுமன்று. அடியாரைக் கண்டு பணிந்து அவர்க்கு வேண்டுவன செய்தலும் அதுவேயாம். ஒவ்வோருயிரினும் சிவன் உயிர்க்குயிராய் நிற்கின்றான் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின் வலியால் முடங்கிய முதியவரின் படுக்கையைத் திருத்துதலும், ஆறாப்புண் எழாதபடி இரண்டு மணிக்கொருகால் அவரைப் பக்கம் மாற்றிக் கிடத்துதலும், எரியும் பாதத்தைத் தாங்கிப்பிடித்தலும் திருவலகும் திருமெழுக்கும் போல்வனவேயாம். உழவாரம் ஏந்திய நாவரசர் கை முட்செடியைக் களைந்தது, அன்பர் நடக்கும் வழியில் வலியிராமைப் பொருட்டன்றோ?

இங்கு ஆராய்ந்தவாற்றால், வலி தணித்தல் வினைக்கு மாறாகாது என்பதும், தணிக்கக்கூடிய வலியைத் தணியாது விடுதலே புதுவினை ஈட்டுதல் என்பதும் துணியப்படும். வினைக்கொள்கை ஒருவர் தம் துன்பத்தைத் தாமே நோக்கித் தேறுதற்கும், தம் செயலைத் திருத்துதற்கும் அருளப்பட்டது. பிறர் துன்பத்தை நோக்கிக் கண்மூடுதற்கு அருளப்பட்டதன்று. ஆகையால் இரவில் முனகல் கேட்பின், விளக்கையணைக்கு முன்னர், "எங்கே வலிக்கின்றது? எப்பொழுதிருந்து?" என்று ஒருமுறை கேட்க. கேட்டதை மருத்துவர்க்குச் சொல்லுக. மருந்தை வேளை தவறாது கொடுக்க. தீராத இடத்தும் அருகிருக்க. திருவெண்பாக்கத்தில் இறைவன் நீட்டிய ஊன்றுகோல் இன்று அடியார் கைகளின் வழியாகவே நீட்டப்படவேண்டியிருக்கின்றது.

திருச்சிற்றம்பலம்.